தூக்குத் தண்டனை போய்விட்டதா? ரெங்கத்தில் கேட்ட ஒரு பேச்சும் அதற்கான பதிலும்

"இப்பதான் தூக்கு எடுத்தாச்சே, இனி என்ன பயம்?"

ரெங்கம் பட்டணத்தில் ஒரு கடையில் காலைப் பசியாறிக் கொண்டிருந்தபோது பக்கத்து மேசையிலிருந்து காதில் விழுந்த பேச்சு இது. பேசியவருக்கு இருபது வயதுக்கு மேல் இருக்காது. உடன் இருந்தவர்கள் சிரித்தார்கள். விளையாட்டுப் பேச்சுதான், அவர்களைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்த ஒரு வரியில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. மலேசியாவில் தூக்குத் தண்டனை எடுக்கப்படவில்லை. நம் பிள்ளைகள் வேலைக்காக விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் கடக்கும் ஜோகூர் பாலத்துக்கு அப்பால், எதுவுமே மாறவில்லை.

அதே கடையில் இன்னொரு நாள் வயதான ஒருவர் வேறு மாதிரிப் பேசினார். "தூக்கு இருந்தப்பவே இவனுங்க அடங்கல. அதையும் எடுத்துட்டா நாடு என்ன ஆகும்?" அவர் கேள்வியில் அர்த்தம் இருக்கிறது. தூக்குக் கயிறு குற்றத்தைக் குறைக்கிறதா, அப்படியே குறைத்தாலும் ஓர் உயிரை அரசாங்கம் எடுப்பது நியாயமா என்ற இரண்டு கேள்விகளும் அதற்குள் இருக்கின்றன. முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம்.

1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 39பி பிரிவைப் பற்றி நம்மில் கேள்விப்படாதவர் குறைவு. பத்திரிகையில் நீதிமன்றச் செய்தி படிப்பவர்களுக்கு அந்த எண் மனப்பாடம். 1975இல் போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை சேர்க்கப்பட்டபோது, அது நீதிபதியின் விருப்பத்துக்கு விடப்பட்ட ஒன்றாக இருந்தது. 1983இல் அது கட்டாயமாக்கப்பட்டது. கடத்தல் குற்றம் நிரூபிக்கப்பட்டால் நீதிபதிக்கு வேறு வழியே கிடையாது. குற்றவாளிக்கு வயது 19 ஆக இருக்கட்டும், கடனுக்காகச் செய்திருக்கட்டும், முதல் குற்றமாக இருக்கட்டும், எல்லாவற்றுக்கும் ஒரே தீர்ப்புதான்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று, 37ஆம் பிரிவில் உள்ள அனுமானம். 15 கிராம் ஹெராயின், 200 கிராம் கஞ்சா, 50 கிராம் சியாபு போன்ற அளவுகளைத் தாண்டி ஒருவர் வைத்திருந்தால், அவர் கடத்தலுக்காகவே வைத்திருந்தார் என்று சட்டமே எடுத்துக் கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டிய சுமை குற்றம் சாட்டப்பட்டவர் தலையில் விழும். 15 கிராம் என்றால் ஏறக்குறைய மூன்று தேக்கரண்டி சீனி. பின்னர் இதற்கு மேல் 37ஏ என்ற பிரிவும் வந்தது. பை உன் கையில் இருந்தது, ஆகவே உள்ளே என்ன இருந்தது என்பது உனக்குத் தெரியும். தெரியும் என்பதால் நீ கடத்தல்காரன். இப்படி ஓர் அனுமானத்தின் மேல் இன்னோர் அனுமானத்தை அடுக்க அது இடம் கொடுத்தது. 2019 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அந்தப் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று தள்ளுபடி செய்தது. அனுமானத்தின் மேல் அனுமானம் வைத்து ஒருவரைத் தூக்குக்கு அனுப்ப முடியும் என்ற நிலை இந்த நாட்டில் இருந்தது என்பதே இன்றைய இளையோருக்குத் தெரியாது.

2018 மார்ச்சில் நீதிபதிக்கு ஒரு சின்ன வாசல் திறக்கப்பட்டது. வெறுமனே சுமந்து வந்தவர், அமலாக்கத் துறைக்கு உதவியவர் போன்ற நிபந்தனைகளுக்குள் வந்தால் ஆயுள் தண்டனை கொடுக்கலாம் என்றார்கள். அதே ஆண்டு முதல் தூக்கிலிடுவதும் நிறுத்தி வைக்கப்பட்டது. பெரிய மாற்றம் 2023இல்தான். ஏப்ரல் 3ஆம் தேதி மக்களவையிலும் ஏப்ரல் 11ஆம் தேதி மேலவையிலும் நிறைவேறிய கட்டாய மரண தண்டனை ஒழிப்புச் சட்டம் (சட்டம் 846), ஜூலை 4ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது.

பெயரை மறுபடியும் படியுங்கள். ஒழிக்கப்பட்டது "கட்டாயம்" என்ற சொல்தான். மரண தண்டனை இன்னும் சட்டத்தில் இருக்கிறது. கொலைக் குற்றத்துக்கு நீதிபதி இப்போது மரண தண்டனையும் கொடுக்கலாம், அல்லது 30 முதல் 40 ஆண்டுகள் வரை சிறையும் 12க்குக் குறையாத பிரம்படியும் கொடுக்கலாம். போதைப்பொருள் கடத்தலுக்கு மரணம், அல்லது ஆயுள் தண்டனையும் 12க்குக் குறையாத பிரம்படியும். ஆயுள் என்றால் நம் சட்டத்தில் 30 ஆண்டுகள். நன்னடத்தைக்காக மூன்றில் ஒரு பங்கு கழிந்தாலும் இருபது ஆண்டுகள் உள்ளேதான். 22 வயதில் போகிற பையன் 42 வயதில் வருவான். அவன் அம்மா உயிரோடு இருப்பாரா என்பது வேறு கேள்வி. "இனி என்ன பயம்" என்று கேட்ட தம்பிக்கு இந்தக் கணக்கை யாராவது சொல்ல வேண்டும்.

ஏற்கெனவே தண்டனை பெற்றுக் காத்திருந்தவர்களுக்காக இன்னொரு சட்டம் (சட்டம் 847) 2023 செப்டம்பர் 12ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. மரண தண்டனையையும் இயற்கை ஆயுள் வரையிலான சிறைத் தண்டனையையும் மறுபரிசீலனை செய்யும் அதிகாரத்தை அது கூட்டரசு நீதிமன்றத்துக்குக் கொடுத்தது. அந்த ஆண்டு நவம்பரில் விசாரணைகள் தொடங்கின. 800க்கும் மேற்பட்டோரின் தூக்குத் தண்டனை சிறைத் தண்டனையாக மாறியது. சிலருக்கு மாறவில்லை. அவர்கள் செய்த கொலைகளின் கொடூரத்தைப் பார்த்து, தூக்கே நிலைக்கட்டும் என்று நீதிபதிகள் சொன்ன வழக்குகளும் உண்டு.

பாலத்துக்கு அந்தப் பக்கம்

சிங்கப்பூரில் 1975 முதல் 15 கிராமுக்கு மேல் சுத்த ஹெராயின் கடத்தினால் தூக்கு. 2013 முதல் இரண்டு சிறு விலக்குகள் உண்டு. வெறும் சுமப்பவராக இருந்து, கடத்தலை முறியடிக்கப் பெரிய அளவில் உதவினார் என்று அரசுத் தரப்பு சான்றிதழ் கொடுத்தால் ஆயுள் தண்டனை கிடைக்கலாம். அல்லது, செயலின் பொறுப்பைக் குறைக்கும் அளவுக்கு மனநிலைக் குறைபாடு இருந்திருக்க வேண்டும். முதல் விலக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. பெரிய ஆட்களின் பெயர் தெரிந்தவனுக்குத்தான் சொல்ல ஏதாவது இருக்கும். பொட்டலத்தை வாங்கி வைத்துக் கொண்டு வந்தவனுக்கு, கொடுத்தவனின் புனைபெயர் மட்டும்தான் தெரியும்.

நாகேந்திரன் தர்மலிங்கத்தின் பெயரை நாம் மறந்திருக்க முடியாது. ஈப்போ பக்கத்துப் பையன். 2009 ஏப்ரலில் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் தொடையில் கட்டிய பொட்டலத்தோடு பிடிபட்டார். 42.72 கிராம். அவருடைய நுண்ணறிவு அளவு 69 என்று மருத்துவர்கள் சொன்னார்கள். 2021 நவம்பரில் தூக்குக்கு நாள் குறித்தபோது அவருக்குக் கோவிட் தொற்று இருப்பது தெரிய வந்து, அதனால் தள்ளிப் போனது. 2022 ஏப்ரல் 27ஆம் தேதி விடியற்காலையில் தூக்கிலிடப்பட்டார்.  மலேசியப் பிரதமர் கடிதம் எழுதினார். மாட்சிமை தங்கிய மாமன்னரும் கருணை கேட்டார். உலகின் பல மூலைகளிலிருந்தும் குரல்கள் வந்தன. எதுவும் நடக்கவில்லை.

அவருக்குப் பின்னும் அது நிற்கவில்லை. 2025 செப்டம்பர் 25ஆம் தேதி தட்சிணாமூர்த்தி காத்தையா. இரண்டு வாரம் கூட ஆகவில்லை, அக்டோபர் 8ஆம் தேதி பன்னீர் செல்வம் பரந்தாமன். இருவரும் மலேசியத் தமிழர்கள். பன்னீரை வெறும் சுமப்பவர் என்று நீதிமன்றமே ஏற்றுக் கொண்டது. ஆனால் அந்தச் சான்றிதழ் அவருக்குக் கிடைக்கவில்லை. 2014இல் பிடிபட்டவர், பதினோரு ஆண்டுகள் சிறையில் இருந்தார். அங்கே கவிதையும் பாட்டும் எழுதினார்.

இவர்களுக்கு நேர் எதிரான ஒரு வழக்கையும் சொல்ல வேண்டும். சபாவைச் சேர்ந்த யோங் வூய் கோங் 19 வயதில் 47 கிராம் ஹெராயினோடு சிங்கப்பூரில் பிடிபட்டார். அவர் வழக்கறிஞர்கள் விடாமல் போராடி இழுத்தடித்த காலத்துக்குள் 2013 சட்ட மாற்றம் வந்துவிட்டது. அவருக்குச் சான்றிதழும் கிடைத்தது. ஆயுள் தண்டனையும் 15 பிரம்படியும் பெற்று உயிரோடு இருக்கிறார். குற்றம் ஏறக்குறைய ஒன்றுதான், அளவும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒருவர் இருக்கிறார், மற்றவர்கள் இல்லை.

பயம் வேலை செய்கிறதா?

தூக்கை ஆதரிப்பவர்கள் சொல்வதை முதலில் நேர்மையாக எடுத்துக் கொள்வோம். சிங்கப்பூர் அரசாங்கத்திடம் ஒரு வாதம் இருக்கிறது. 1990இல் 1,200 கிராமுக்கு மேல் அபின் கடத்தினால் கட்டாய மரணம் என்று சட்டம் கொண்டு வந்த பிறகு, நான்கு ஆண்டுகளில் கடத்தப்பட்ட அபினின் சராசரி எடை 66 விழுக்காடு குறைந்தது என்கிறார்கள். கஞ்சா கடத்துபவர்களும் 500 கிராம் எல்லையைத் தாண்டத் தயங்குகிறார்கள் என்கிறார்கள். இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. எல்லை எங்கே இருக்கிறது என்று யாரோ கவனித்து, அதற்குக் கீழே நிற்கிறார்கள் என்பது இதிலிருந்து தெரிகிறது.

ஆனால் கவனிப்பவர் யார்? எடை போட்டுக் கட்டுபவர். பொட்டலம் சிறிதாகிறது, அவ்வளவுதான். பொட்டலம் சிறிதானால் சுமக்க ஆட்கள் அதிகம் வேண்டும். அந்த ஆட்களைத் தேடுவது எங்கே என்பது நமக்குத் தெரியும். ஆலோங் கடனில் மாட்டியவன், வேலை போனவன், கூட்டாளி சொன்னால் தட்டாதவன். "இந்தப் பையை அங்கே கொடுத்துட்டா கடன் தீர்ந்தது" என்ற ஒரு வார்த்தை போதும். கயிற்றின் பயம் முதலாளி வரைக்கும் போய் அவருக்குக் கணக்குப் பாடம் சொல்லித் தருகிறது. கயிறு மட்டும் சுமப்பவன் கழுத்துக்கு வருகிறது.

தண்டனை பயமுறுத்த வேண்டுமென்றால் சில விஷயங்கள் நடக்க வேண்டும். செய்யப் போகிறவனுக்கு அந்தத் தண்டனை தெரிந்திருக்க வேண்டும். அவன் நின்று யோசிக்கிற மனநிலையில் இருக்க வேண்டும். முக்கியமாக, தான் பிடிபடுவோம் என்று அவன் நம்ப வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பிடிபடுவோம் என்று நினைத்துப் பையைத் தூக்கியவர் யாரும் இல்லை. நூறு ரிங்கிட் அபராதம் என்றாலும் கேமரா நிச்சயம் படம் பிடிக்கும் என்று தெரிந்த இடத்தில் எல்லாரும் வேகத்தைக் குறைக்கிறோம். கேமரா இல்லாத செம்பனைத் தோட்டத்துச் சாலையில் யார் குறைக்கிறார்கள்? இத்தாலியரான பெக்காரியா 1764இலேயே இதைச் சொல்லிவிட்டார். தண்டனையின் கடுமை அல்ல, அது தப்பாமல் வரும் என்ற நிச்சயம்தான் மனிதனைத் தடுக்கிறது என்பது அவர் வாதம்.

நம் நாட்டுக் கணக்கையே பாருங்கள். 1983இல் கட்டாயத் தூக்கு வந்தது. 1986 ஜூலையில் பார்லோ, சேம்பர்ஸ் என்ற இருவரைப் புடு சிறையில் தூக்கிலிட்டபோது உலகமே அதைப் பற்றிப் பேசியது. அதன் பிறகு இந்தத் தண்டனை தெரியாது என்று சொல்ல யாராலும் முடியாது. முப்பது ஆண்டுக்கு மேல் கழித்து, 2019 பிப்ரவரியில், மரண தண்டனை பெற்று நம் சிறைகளில் காத்திருந்தவர்கள் 1,281 பேர் என்று அம்னெஸ்டி இன்டர்நேஷனல் மலேசியா கணக்குச் சொன்னது. அவர்களில் 73 விழுக்காட்டினர் போதைப்பொருள் வழக்குகளில் வந்தவர்கள். பாதிக்குச் சற்றுக் குறைவானோர் வெளிநாட்டினர். பயம் வேலை செய்திருந்தால் அந்த அறைகள் காலியாகிக் கொண்டு வந்திருக்க வேண்டும். 2023இல் சட்டத்தை நாடாளுமன்றத்தில் முன்வைத்த சட்டத் துறைத் துணையமைச்சர் ராம்கர்ப்பால் சிங்கும், எதிர்பார்த்த பலனை மரண தண்டனை தரவில்லை என்றுதான் வாதிட்டார்.

நம் வட்டாரத்துக்காரர்களுக்கு இன்னோர் அனுபவமும் உண்டு. சிம்பாங் ரெங்கம் என்றாலே பழைய தலைமுறைக்கு நினைவு வருவது அங்கிருந்த தடுப்பு முகாம்தான். அவசரகாலச் சட்டத்திலும் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலும் பிடித்து, விசாரணை இல்லாமல் இரண்டிரண்டு ஆண்டாக உள்ளே வைத்தார்கள். தோட்டத்துப் பையன்கள் பலர் அங்கே போய் வந்தார்கள். சிலர் திருந்தினார்கள். சிலர் உள்ளே போனபோது தெரியாதவற்றை எல்லாம் கற்றுக் கொண்டு வந்தார்கள். கடுமைக்கு இந்த வட்டாரம் புதிதல்ல. ஆனாலும் இன்றைக்கும் கோயில் திருவிழாவில் குண்டர் கும்பல் நுழைந்துவிடுமோ என்று நிர்வாகத்தினர் கவலைப்படுகிறார்கள்.

கொலைக்கு வருவோம். இங்கே ஒப்பிட்டுப் பார்க்க நல்ல உதாரணம் சிங்கப்பூரும் ஹாங்காங்கும். இரண்டும் துறைமுக நகரங்கள், இரண்டும் பிரிட்டிஷ்காரர்கள் ஆண்டவை. ஹாங்காங்கில் கடைசியாக ஒருவரைத் தூக்கிலிட்டது 1966இல். 1993இல் சட்டத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். சிங்கப்பூரிலோ 1994, 1995 ஆண்டுகளில் ஆண்டுக்கு எழுபதுக்கு மேற்பட்டோரைத் தூக்கிலிட்டார்கள். பிறகு அந்த எண்ணிக்கை மளமளவென்று குறைந்தது. சிம்ரிங், ஃபேகன், ஜான்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் 35 ஆண்டுக் காலக் கொலை எண்ணிக்கைகளை இரண்டு ஊர்களிலும் வைத்துப் பார்த்தார்கள். தூக்கு ஏறினாலும் இறங்கினாலும், இரண்டு ஊர்களிலும் கொலை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் குறைந்து வந்திருக்கிறது. கனடாவிலும் 1976இல் தூக்கை ஒழித்த பிறகு கொலை விகிதம் கூடவில்லை. பின்வந்த ஆண்டுகளில் குறையத்தான் செய்தது.

இதை வைத்து, தூக்குக்கு எந்தத் தடுப்புச் சக்தியும் இல்லை என்று நிரூபணமாகிவிட்டது என்று சொல்பவர்களும் சற்று அவசரப்படுகிறார்கள். ஒரு தூக்கு எட்டுக் கொலைகளைத் தடுக்கிறது என்று அமெரிக்கப் பொருளாதார வல்லுநர் எர்லிக் 1975இல் எழுதினார். அதை மறுத்துப் பலர் எழுதினார்கள். கடைசியில் 2012இல் அமெரிக்காவின் தேசிய ஆய்வு மன்றம் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் அலசிவிட்டு, கூடுகிறது, குறைகிறது, மாற்றமில்லை என்ற மூன்றில் எதையும் சொல்ல இந்த ஆய்வுகள் உதவாது, இவற்றை வைத்துச் சட்டம் செய்யாதீர்கள் என்று முடித்தது. ஆயுள் சிறையைவிடத் தூக்கு அதிகமாகத் தடுக்கும் என்பதற்கு அரை நூற்றாண்டாகத் தேடியும் உறுதியான சான்று கிடைக்கவில்லை. ஓர் உயிரை எடுக்கிற முறைக்கு அந்தச் சான்றைக் காட்ட வேண்டியவர், எடுக்கலாம் என்கிறவர்தான் என்பது என் கருத்து.

கொலை நடக்கும் விதத்தையும் யோசிக்க வேண்டும். தோட்டங்களில் நடந்த கொலைகளை நாம் அறிவோம். சம்சு குடித்துவிட்டு வந்த வாக்குவாதம், சொத்துத் தகராறு, சந்தேகம், கையில் கிடைத்த பாராங். அந்த நிமிடத்தில் 302ஆம் பிரிவை நினைத்துப் பார்த்தவர் எவருமில்லை.

பயம் ஒரு பக்கம், நியாயம் ஒரு பக்கம்

தடுக்கிறதோ இல்லையோ, கொன்றவன் சாக வேண்டும் என்பது வேறு வாதம். அதைக் கணக்குப் போட்டு வெல்ல முடியாது. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் போய் ஹாங்காங் கணக்கைச் சொன்னால் அவர் நம்மைத் துரத்திவிடுவார், துரத்த வேண்டும். கொடியவனைக் கொல்வது பயிருக்குக் களை பறிப்பது போன்றது என்று வள்ளுவரே செங்கோன்மையில் சொல்லியிருக்கிறார் என்று நம் மேடைகளில் பேசுவார்கள். உண்மைதான். அதே வள்ளுவர், தண்டிக்கும்போது ஓங்குவது பலமாக இருக்கட்டும், விழுவது மென்மையாக இருக்கட்டும் என்றும் சொல்லியிருக்கிறார். அதை மேடையில் அவ்வளவாகக் கேட்க முடிவதில்லை.

நியாயம் என்று பேசும்போது என்னைத் தடுத்து நிறுத்துவது தவறு நேரும் வாய்ப்புதான். தமிழருக்கு இதை விளக்கவே தேவையில்லை. தீர விசாரிக்காமல் கோவலனைக் கொன்ற பாண்டியனின் கதையைத் தோட்டத்து நாடக மேடைகளில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம். தவறு தெரிந்ததும் மன்னன் உயிரை விட்டான். ஆனால் கோவலன் திரும்பி வரவில்லை. நம் காலத்தில் தமிழ்நாட்டுப் பேரறிவாளன் கதை இருக்கிறது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991இல் 19 வயதில் கைதானார், தூக்குத் தண்டனை பெற்றார். அவர் வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரி தியாகராஜனே, அதில் முக்கியமான ஒரு பகுதியைத் தாம் எழுதாமல் விட்டதாக 2013இல் சொன்னார். 2014இல் தூக்கு ஆயுளாகக் குறைந்தது, 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அதிகாரி வாயைத் திறப்பதற்குள் கயிறு முந்தியிருந்தால் விடுவிக்க யார் இருந்திருப்பார்?

தவறு நேரும் வாய்ப்பு எல்லாருக்கும் சமமாக இல்லை. நல்ல வழக்கறிஞரை முதல் நாளே வைக்க வசதி உள்ளவருக்கும், கைதான செய்தியே வீட்டுக்கு இரண்டு நாள் கழித்துத் தெரிகிற குடும்பத்துக்கும் ஒரே சட்டம்தான், ஆனால் ஒரே விசாரணை அல்ல. மரண தண்டனை வழக்குகளில் நீதிமன்றமே வழக்கறிஞரை நியமிக்கும். ஆனால் அது குற்றச்சாட்டு வந்த பிறகு. அதற்கு முன் காவலில் கழியும் நாட்களில்தான் வாக்குமூலங்கள் பிறக்கின்றன. கைதானவர் வழக்கறிஞரைக் கலந்து பேசும் உரிமை நம் கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆவது பிரிவிலேயே இருக்கிறது. பிள்ளை பிடிபட்டான் என்ற செய்தி வந்தால், கோயிலுக்கும் கட்சிக்காரர் வீட்டுக்கும் ஓடுவதற்கு முன் வழக்கறிஞரிடமோ சட்ட உதவி மையத்திடமோ போக வேண்டும். நம் குடும்பங்களில் இது பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது.

2013இல் பேராசிரியர் ரோஜர் ஹூட் என்பவர் நம் நாட்டில் ஓர் ஆய்வு செய்தார். சுமார் 1,500 மலேசியர்களிடம் கேட்டபோது, கொலைக்குக் கட்டாயத் தூக்கு வேண்டும் என்று பாதிக்கு மேற்பட்டோர் சொன்னார்கள். பிறகு அவர்களிடமே ஒவ்வொரு வழக்காக விவரித்து, கொன்றவர் யார், ஏன், எந்த நிலையில் என்று சொல்லி, நீங்கள் நீதிபதியாக இருந்தால் என்ன தீர்ப்பு கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். எல்லா வழக்குக்கும் தூக்குதான் என்று நின்றவர்கள் மிகச் சிலரே. கடையில் உட்கார்ந்து பேசும்போது "கொலைகாரன்" என்ற ஒரு சொல்தான் கண்ணுக்குத் தெரிகிறது. ஆளைக் கொண்டு வந்து நிறுத்தினால் நம் மனமும் நீதிபதியின் மனம் போல நிறுத்துப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. கட்டாயத் தூக்கு, பல ஆண்டுகளாக நம் நீதிபதிகளை அப்படி நிறுத்துப் பார்க்க விடவில்லை.

என் முடிவை மறைக்க வேண்டியதில்லை. போதைப்பொருள் சுமந்தவனைக் கொல்வதில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை. அதனால் நம் குடும்பங்கள் அழிகின்றன என்பதை மறுக்கவில்லை, நம் லயங்களில் அந்த அழிவைப் பார்த்துத்தான் வளர்ந்தோம். ஆனால் பிடிபட்டவன் இடத்துக்கு மறுநாளே இன்னொரு பையனைப் பிடித்துவிடுகிறார்கள். கொலையில், அதுவும் திட்டமிட்டுச் சிறு பிள்ளைகளைக் கொன்ற வழக்குகளில், கயிறு வேண்டாம் என்று சொல்ல என் நாக்கும் தடுமாறுகிறது. ஆனாலும், திருத்த முடியாத தண்டனையைத் தவறு செய்யக்கூடிய மனிதர்களின் கையில் கொடுக்க எனக்குத் துணிவில்லை.

இந்த விவாதத்தில் எப்போதும் விடுபட்டுப் போகிறவர்கள் கொலையுண்டவரின் வீட்டார். அவர்களுக்காகத்தான் தூக்கு என்று எல்லாரும் பேசுகிறோம். பழைய சட்டத்தில் அவர்கள் பேச்சுக்கு இடமே இருந்ததில்லை. தீர்ப்பு ஏற்கெனவே எழுதி வைத்ததுதானே, அவர்கள் என்ன சொன்னாலும் ஒன்றும் மாறப் போவதில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 183ஏ பிரிவு, தண்டனை விதிக்கும் முன் பாதிக்கப்பட்டவரோ அவர் குடும்பத்தாரோ நீதிமன்றத்தில் தங்கள் பாதிப்பைச் சொல்ல வழி செய்கிறது. நீதிபதிக்குத் தேர்வு இல்லாதவரை கொலை வழக்கில் அதற்குப் பெரிய அர்த்தமில்லை. இப்போது தேர்வு இருக்கிறது. வீட்டில் சம்பாதித்தவர் அவர் ஒருவர்தான், பிள்ளைகள் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள், மாமியார் படுத்த படுக்கையாகிவிட்டார் என்று ஒரு மனைவி எழுந்து நின்று சொன்னால், நீதிபதி அதைக் கேட்டு நிறுத்துப் பார்க்க முடியும். தூக்கு வேண்டும் என்று அவர் கேட்டாலும் கேட்கலாம், வேண்டாம் என்றாலும் சொல்லலாம்.

அப்படிப்பட்ட நிலையில் உள்ள குடும்பம் உங்களுக்குத் தெரிந்திருந்தால், வழக்கை நடத்தும் அரசுத் தரப்பு வழக்கறிஞரிடம் போய், தண்டனைக்கு முன் எங்களுக்குப் பேச வேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள். மலாய் வராவிட்டால் தமிழிலேயே பேசலாம், நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் இருப்பார்.

அடுத்த முறை அந்தக் கடையில் அந்தத் தம்பியைப் பார்த்தால் பக்கத்தில் போய் உட்கார எண்ணியிருக்கிறேன். அவர் சிங்கப்பூரில் வேலை தேடிக் கொண்டிருக்கிறார் என்று கடைக்காரர் சொன்னார்.